பால் அளந்த பிறகு

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிடும்போது, தன் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட வைக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவர். இப்போது அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஊருக்கெல்லாம் கேட்கும்படி பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றே எழுதுகிறேன்.

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஒரே லயத்தில், மூன்று காம்பரா, அதாவது மூன்று அறை, தள்ளித்தான் வளர்ந்தோம். ஆனாலும் அவரை அக்கா என்று கூப்பிடுவதை நான் வேலையாட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை ஆன அன்றோடு நிறுத்திவிட்டேன். கையில் குடையும் காலில் சப்பாத்தும் வந்ததும் எனக்கு உறவுமுறை மறந்துபோனது. அவருக்கு மறக்கவில்லை. வேலை நேரத்தில் "ஐயா" என்பார். லயத்துக்கு வந்து கை கால் கழுவியதும் "தம்பி" என்பார். அந்த இரண்டையும் ஒருநாளும் அவர் குழப்பிக்கொண்டதில்லை.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டையிலிருந்து தெரணியகலைக்குப் போகிற பாதையில், ஆற்றைக் கடந்து மேலே ஏற வேண்டிய இடத்தில் இருந்தது. தேயிலை கொஞ்சம், மற்றதெல்லாம் ரப்பர். ரப்பர் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: வெயில் ஏறுவதற்கு முன்னால் பட்டையைச் சீவினால்தான் பால் ஓடும். அதனால் ஐந்தரைக்குப் பெரட்டு, ஆறு மணிக்கு முதல் மரத்தில் கத்தி. ஓர் ஆளுக்கு இருநூற்றைம்பது மரத்துக்குக் குறையாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி எல்லா மரத்தையும் வெட்டி முடித்துவிட்டு, மறுபடி முதல் மரத்துக்கு வந்து, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்த்து, தலையில் தூக்கிக்கொண்டு பால் அளக்கிற கொட்டகைக்கு வர வேண்டும். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும். மாசி மாதம் என்றால் இன்னும் மோசம். மரமெல்லாம் இலையை ஒட்டுமொத்தமாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். எங்கள் தோட்டத்தில் அப்போதும் வெட்டு நிற்காது. ரப்பர் காட்டுக்குள் நிழல் இல்லாமல் வேகிற வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்கா அந்த வெயிலிலும் வாயாடிக்கொண்டே வேலை செய்வார். தன் மரங்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். பால் தராமல் பெருத்து நிற்கும் மரத்துக்குக் கண்டக்டர் என்று பெயர். எங்களுக்கெல்லாம் மேலே இருந்த வெளிக்கள உத்தியோகத்தர்தான் கண்டக்டர். "சும்மா நிக்கிறாரு, மொறைக்கிறாரு" என்பார். வெட்டி வெகு நேரமாகியும் சொட்டுவதை நிறுத்தாத மரம் அவருடைய மாமியார். "முடிஞ்சிருச்சின்னு நெனைச்சுக்கிட்டு நாலு அடி போவேன். திரும்பிப் பாத்தா இன்னும் ஒழுவிக்கிட்டு இருக்கும்." பக்கத்து மரங்களில் வெட்டுகிற பெண்கள் சிரிக்கிற சத்தம் பள்ளம் முழுக்கக் கேட்கும்.

"ஒங்க பேர்லயும் ஒன்னு இருக்குதுங்க ஐயா" என்றார் ஒருநாள்.

"எது?"

"அதைச் சொன்னா நீங்க அரைப் பேர் போட்டுருவீங்க."

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். கடைசிவரை அந்த மரம் எது என்று அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

சிரித்துப் பேசுகிற அந்த மனுஷிக்கு நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்த புதிது அது. நானும் புதுக் கணக்கப்பிள்ளை. எங்கள் பிரிவிலிருந்து வரும் பால் தண்ணீராக இருக்கிறது என்று பாலை உறையவைக்கிற ஸ்டோரிலிருந்து முறைப்பாடு வந்தது. சில பேர் குடிக்கக் கொண்டுபோகும் தண்ணீரில் ஒரு கை பாலில் கலப்பது நடந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குழாய் தந்தார்கள். பாலில் விட்டால் மிதக்கும். தண்ணீர் கலந்த பால் என்றால் குழாய் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். அந்தக் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு நான் போலீஸ்காரனாகிவிட்டேன்.

ஒரு வைகாசி மாதத்து மத்தியானம். கொட்டகையில் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கண்டக்டரும் வந்து ஓரமாக நிற்கிறார். அக்காவின் வாளியில் குழாயை விட்டேன். மேலே எழும்பி நின்றது. அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் செருகியிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

"மிச்சத் தண்ணி எங்க?" என்றேன்.

"குடிச்சேங்க ஐயா."

"குடிச்சியா, ஊத்துனியா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எங்க பக்கம் மழை பேஞ்சிச்சிங்க ஐயா. சிரட்டையில வுழுந்திருச்சி" என்றார். நான் நின்ற பக்கத்தில் ஒரு துளி இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. "மழை ஒன் மரத்துக்கு மட்டும் தனியா வந்திச்சா?" என்று கேட்டேன். கண்டக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. வாளியை எடுத்துப் பாலை வாய்க்காலில் கவிழ்த்தேன். போத்தலில் இருந்த தண்ணீரையும் அவர் காலடியில் ஊற்றினேன். இனி யாரும் பால் வெட்டுகிற மலைக்குள் தண்ணீர் கொண்டு போகக் கூடாது, பால் அளந்த பிறகு கொட்டகையில் குடித்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்திலேயே சட்டம் போட்டேன். அது தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை போட்ட சட்டம் இல்லை. முழுக்க முழுக்க நான் போட்டது.

எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு குணம் உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் துணி காயும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் எனக்கு அது தெரியாதா? மறுநாள் அக்காவின் மரங்கள் முடிகிற எல்லையில், தோட்டத்தை ஒட்டியிருந்த சிங்கள அம்மா ஒருவர் பாக்குக் கொட்டையை மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார். "ஈயே உதே வெஸ்ஸா மஹத்தயா, ஒக்கோம தெமுனா" என்றார். நேற்றுக் காலையில் மழை பெய்து எல்லாம் நனைந்துவிட்டதாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கொட்டகையில் நின்று "நான் பிழை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. கணக்கப்பிள்ளை அப்படிச் சொன்னால் நாளைக்கு எவன் பேச்சைக் கேட்பான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அக்கா வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார். வாளியை இறக்கி வைத்துவிட்டு, "மொதல்ல எனக்குப் பாருங்கய்யா" என்றார். குழாயை விட்டேன். சரியாக நின்றது. "சரி" என்றேன். அதற்குப் பிறகுதான் கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனார். இரண்டு கையையும் குவித்து, தலையைத் தூக்காமல், மூச்சு வாங்க வாங்கக் குடித்தார். ஒருநாள் கோபம், இரண்டு நாளில் தணியும் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக அதே மாதிரி நடந்தது. காலையில் லயத்தில் குடித்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு மலை ஏறுவார். பால் அளந்து நான் "சரி" என்று சொல்லும்வரை ஒரு மிடறு தண்ணீர் அவர் வாயில் படாது. உதடு வெடித்து வெள்ளை படிந்திருக்கும். அந்த உதட்டோடு "மொதல்ல எனக்குப் பாருங்கய்யா" என்று அவர் சொல்வதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கும்.

என் சட்டம் ஒரு வருஷத்துக்குமேல் நிற்கவில்லை. பெண்கள் கொழுக்கட்டைப் பொட்டலத்துக்கு அடியில் போத்தலை மறைத்துக் கொண்டுபோனார்கள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். பள்ளத்தில் ஓடை இருந்தது. தாகம் எடுத்தவர்கள் அதில் குடித்தார்கள். அக்கா ஓடையைத் தாண்டும்போது காலைக்கூட நனைக்கமாட்டார் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். வாய் காயாமல் இருக்க ஒரு வெரளிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். புளிப்பில் கொஞ்சம் எச்சில் ஊறுமாம். எல்லையில் இருந்த அந்தச் சிங்கள அம்மாவுக்கு இவர்மேல் பிரியம். செம்பில் தண்ணீரோடு வேலி ஓரத்துக்கு வந்து, "வத்துர டிக்கக் பீலா யன்ன அக்கே" என்று குடித்துவிட்டுப் போகச் சொல்வார். "எப்பா நோனா, கிரி மெனலா என்னம்" என்பார் அக்கா. வேண்டாம், பால் அளந்துவிட்டு வருகிறேன் என்று. அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மறுப்பதற்கும் அதைத்தான் பயன்படுத்தினார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்பதைவிடப் புகழ்வது சுலபம். பெரட்டில் நின்று மற்றப் பெண்களிடம், "அந்தம்மாவப் பாருங்க. ஒரு நாளாவது மரத்த வுட்டுட்டு ஒதுங்கப் போறாங்களா? அப்புடி வேலை செய்யணும்" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குடிக்காதவர் எதற்கு ஒதுங்கப் போகிறார்? எனக்கு அது தோன்றவில்லை. அவருடைய பெருமையைத் தடவிக்கொடுத்தால் என் பிழை கரைந்துவிடும் என்று நினைத்தேன். அவரோ அந்தப் புகழ்ச்சியை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு நடந்துவிடுவார்.

இடுப்பு நோவு என்று அவர் எப்போது சொல்ல ஆரம்பித்தார் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இடுப்பு நோவு இல்லாத பால்வெட்டுக்காரி யார்? தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை தருவார்கள். அது முடிந்தால் கடையில் வாங்கிக்கொள்வார். முந்தானையில் எப்போதும் நாலைந்து முடிந்திருக்கும். வெரளிக்காய் ஒரு கன்னத்தில், மாத்திரை மறுகன்னத்தில் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். தண்ணீர் இல்லாமலே அந்த மாத்திரையை மென்று விழுங்குவார். மூத்திரம் எரிகிறது, கடுக்கிறது என்பதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் இல்லை, காலமாகி வெகுகாலம். மூத்த மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை. இளையவள் கட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைப் பக்கம் போய்விட்டாள். என்னிடம் சொல்லக்கூடிய சங்கதியா அது?

பிறகு ஒரு மாசி மாதம், மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற நாளில், அவர் வரிசையில் முதல் ஆளாக வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். ஒரு மரத்தடியில் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தார். வாளி மட்டும் கவிழாமல் மேட்டில் பத்திரமாக இருந்தது.

"என்னா செய்யுது?" என்று கேட்டேன்.

"ஐயா, பாலு ஒறையிறதுக்குள்ள அளந்துருங்க."

அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. ஓர் ஆளிடம் வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டு, கம்பளியில் படுக்கவைத்து ரோட்டுக்குத் தூக்கிவந்தோம். திரீவீலரில் டவுன் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், சிங்களவர். என்னைப் புருஷன் என்று நினைத்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். வீட்டில் இந்த மனுஷிக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையா என்று கேட்டார். அந்த வலியிலும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். டாக்டர் ஆளே தெரியாமல் சரியான ஆளைத்தான் ஏசினார்.

கல் என்றார்கள். ஊசி போட்டு, படம் பிடித்து, ரத்தம் பார்த்து, மூன்று நாள் வைத்திருந்தார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ஒரு பக்கத்துச் சிறுநீரகம் ஏற்கனவே நிறையக் கெட்டுவிட்டது என்றார். அடுத்ததும் களைத்துப்போயிருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றலாம், இன்னும் பிந்தவில்லை என்றார். இதனால்தான் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது, மாத்திரையும் காரணமாக இருக்கலாம், கல்லும் காரணமாக இருக்கலாம். ஆனால் வியர்த்து வழிய வேலை செய்கிற உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மத்தியானம் ஒரேயடியாகக் குடிப்பதால் காலையெல்லாம் காய்ந்தது சரியாகாது. மூத்திரம் பால் போடாத தேத்தண்ணி மாதிரி, சாயத்தண்ணி நிறத்தில் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் நோவு மாத்திரை போடவே கூடாது என்றார். கடைசியாக, "அம்மே, வேலைக்குப் போகும்போது போத்தல் கொண்டு போங்கள்" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அக்கா துண்டை மடித்து முந்தானையில் முடிந்தார். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கி மழைதான். எனக்கு மறுநாளே தெரியும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்னு எனக்கும் தெரியும் தம்பி. பாக்கு காயப்போட்ட நோனா சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன்க்கா இப்புடி? நாளையிலருந்து போத்தல் கொண்டாங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. கொட்டகையில நின்ன சனம்? 'குடிச்சியா ஊத்துனியா'ன்னு கேட்டீங்களே தம்பி. எம் புள்ளைங்க அன்னைக்கி வரிசையில நின்னிச்சிங்க, அது தெரியுமா ஒங்களுக்கு? வேலை கத்துக்க வந்த புள்ளைங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்க வச்சிக் கொட்டுனீங்களோ அங்க வச்சி, அந்தச் சனத்துக்கு முன்னாடி சொல்லுங்க. மறுநாளே போத்தல் கொண்டாறேன்."

"சொல்றேங்கா" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் நாள். கொட்டகையில் எல்லாரும் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என் வாயிலிருந்து வேறு பேச்சு வந்தது. "இந்தா பாருங்க, இனிமே எல்லாரும் மலைக்குத் தண்ணி கொண்டு போவணும். வெயிலுக்குத் தண்ணி குடிக்காட்டிக் கிட்னி கெட்டுருமாம். டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். பெரிய நல்ல காரியம் செய்கிறவன் மாதிரிச் சொன்னேன். "குடிக்கச் சொல்றீங்க. குடிச்சா ஒதுங்குறதுக்கு எங்க போறது, அதையும் சொல்லுங்க" என்று ஒரு பெண் பின்னாலிருந்து கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழாயைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியை முன்னால் நகர்த்தினார்.

"மொதல்ல எனக்குப் பாருங்கய்யா."

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் வேலைக்கு வந்தார். ஒருநாளும் போத்தல் கொண்டுவரவில்லை. நான் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். தீபாவளி முடியட்டும் என்றேன். புது தொரை வரட்டும் என்றேன். பிறகு நான் எல்லைக்கல் பக்கத்துத் தேயிலைப் பிரிவுக்கு மாறிப்போனேன். மாற்றம் கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் மறைக்க மாட்டேன். தினமும் அந்த உதட்டைப் பார்க்க வேண்டியதில்லை. என் பிரிவில் கொழுந்தெடுக்கிற பெண்களுக்குக் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் கொதித்தாறிய தண்ணீர் கேனில் அனுப்பினேன். கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸும் அடித்துப்பிடித்துக் கட்டுவித்தேன். நல்ல கணக்கப்பிள்ளை என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயருக்கு யார் விலை கொடுத்தார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அக்காவின் கால் வீங்கியிருக்கிறது, மூஞ்சி ஊதியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மூத்த மகள் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை இருட்டோடு பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஒருநாள் பஸ் நிலையத்தில் மகளைப் பார்த்தேன். கையில் சின்ன மருந்துப் போத்தல் அளவில் ஒன்று வைத்திருந்தாள். அதில் நூல் கட்டி அடையாளம் போட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"அம்மாவுக்குத் தண்ணி மாமா. இந்த நூலு வரைக்கும் மூணு தரம். ஒரு நாளைக்கி அவ்வளவுதான்."

எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லித்தானே டாக்டர் சொன்னார் என்றேன்.

"அது அப்ப மாமா. கிட்னி வேலை செய்யிறப்ப. இப்ப குடிக்கிற தண்ணி வெளியே போவாது. உள்ளுக்குள்ளேயே நின்னு நெஞ்ச அடைக்கும். எளநியும் குடுக்கக் கூடாதுங்கிறாங்க." அவள் அதை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகியவள் மாதிரிச் சொன்னாள். "ராவு பகலா தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க. நான்தான் ஒளிச்சு வைக்க வேண்டியிருக்குது."

நான் அந்த இடத்திலேயே பஸ் நிலையத்துச் சிமெந்துக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவள் தன் அம்மாவுக்காக நான் அழுவதாக நினைத்து என் தோளைத் தொட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அக்கா பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தார். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நல்ல வெயில். அவரை வாசலில் சாக்குக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஞாயிறு என்பதால் லயத்தில் எல்லாரும் இருந்தார்கள். துணி துவைத்துக்கொண்டும், பேன் பார்த்துக்கொண்டும். அந்தக் காலத்தில் கொட்டகையில் நின்றவர்களில் பாதிப் பேர் கிழண்டுபோய் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாதியாகக் குறைந்திருந்தார், முகம் மட்டும் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே வாய்க்குள் சொன்னேன்.

"கேக்கலையே" என்றார் அக்கா. "சத்தமாச் சொல்லுங்க. தொங்கக் காம்பரா வரைக்கும் கேக்கட்டும்."

லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பரா வரை கேட்கும்படி சொன்னேன். "அன்னைக்கி அக்கா பால்ல தண்ணி ஊத்தல. மழைத் தண்ணிதான் வுழுந்திருந்திச்சி. மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. பிழை என்னோடது." துவைக்கிற சத்தம் நின்றது. யாரோ ஒருவர், "எங்களுக்கு அது எப்பவோ தெரியுமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூத்த மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்ற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் மகளைப் பார்த்து, "தண்ணி குடு" என்றார்.

மகள் உள்ளே போய் அந்தச் சின்னப் போத்தலைக் கொண்டுவந்தாள். பின்னேர மாத்திரைக்கு என்று கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா அதை வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி நிமிர்ந்து, மூன்று மிடறில் குடித்து முடித்தார். உதட்டைப் புறங்கையால் துடைத்தார். வெறும் போத்தலை மகளிடம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம்."

மகள் என்னைப் பார்த்தாள். அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அதை நான் சொல்ல வேண்டும் என்று அவள் பார்வை கேட்டது.

"வேணாங்கா" என்றேன். "இன்னைக்கி அவ்வளவுதான்."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி தம்பி" என்றார். "நாளைக்கிக் குடிச்சுக்கிறேன்."